பதில்: கியர் ஒயில்ல ஊத்துற போத்தலுக்கு என்ன பேரு வைக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம்,

ஓட்டோ கியர்பொக்ஸ் (தானா கியர் மாறுற பெட்டி) ஒயில்ல மேல ஊத்துற "அடிட்டிவ்"வுக்குத் தமிழ்ல ஒரு சொல்லு தேடுற இந்த இழைய ரெண்டு மூணு நாளா வாசிச்சுக்கிட்டுதான் இருந்தேன், "ஊக்கி"னு ஒரு தம்பி போட்டதும் நாலு பேரு சரின்னுட்டாங்க, எனக்கு அது ஒத்துவரல. நம்ம நாட்டுல இரசாயனம் படிச்ச புள்ளைக்கு ஊக்கின்னா தாக்கத்த வேகப்படுத்துற சாமான், தமிழ்நாட்டுல வினையூக்கின்னு சொல்றது. அது சின்னக் காரணம். பெரிய காரணம் என்னன்னா, அந்தப் பேருலயே விளம்பரம் ஒட்டியிருக்கு. நல்லா ஓடிக்கிட்டிருக்கிற ஓட்டோ கியர்பொக்ஸுக்கு இந்தச் சாமான் வேணுமா வேணாமாங்கிறதுதானே சனங்க கேக்குறது, நாம வைக்கிற சொல்லே "வேணும், தெம்பு குடுக்கும்"னு முந்திக்கிட்டு பதில் சொல்லிறக் கூடாது.

"சேர்மம்" ஆகாது, தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்துல அது மூலகங்க சேந்து உண்டாகுற பொருளுக்கு (கொம்பவுண்ட்) வச்ச பேரு. அதே சாமானுக்கு நம்ம புத்தகத்துல "சேர்வை", அதனால அதுவும் போச்சு. "கலப்பி"ய வாசிக்கிறவன் பாதிப்பேரு கலப்படம்னுதான் நெனைப்பான் (சில போத்தலுக்கு அது பொருத்தம்தான், அது வேற கதை).

கராஜ்ல பாஸ்மார் (மெக்கானிக்மார்) சொல்றது "மருந்து". "மருந்து ஒண்ணு ஊத்திவிடவா?"னு கேப்பாங்க. அத ஒரு ஐயா "கொச்சை"னு ஒதுக்கிட்டாரு, ஆனா இதுவரைக்கும் வந்த சொல்லுங்கள்ல அதுதான் நேர்மையான சொல்லு, ஏன்னா மருந்துன்னா மொதல்ல ஒரு நோய் இருக்கணும். கலைச்சொல்லா வைக்க முடியாதுங்கிறத ஒத்துக்குறேன்.

இப்ப விஷயத்துக்கு வாறேன். நாம ஒரே சொல்லத் தேடுறோம், ஆனா சாமான் ரெண்டு. ஒயில் கம்பனி ஏடிஎஃப் (ஓட்டோ கியர்பொக்ஸ் ஒயில்) தயாரிக்கும்போதே அடிப்படை எண்ணெயோட போடுற சாமான்கள் ஒரு வகை: உராய்வச் சரிபண்ணுறது (உராய்வு திருத்தி), நுரைய அடக்குறது, ஒட்சியேற்றத்தத் தடுக்குறது, அழுக்க ஒட்டவிடாம மிதக்க வைக்கிறது, ரப்பர் சீல் சுருங்காமப் பாத்துக்கிறது, சூட்டுல பிசுக்குமை (ஒயிலோட தடிப்பு) ஒரேயடியா எறங்காமப் புடிக்கிறது, அந்தச் சிவப்புச் சாயம் கூட. இது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு அளவு பாத்துப் போட்டது. இன்னொரு வகை, கடையில போத்தல்ல வாங்கி நாம மேல ஊத்துறது. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் "அடிட்டிவ்"னு ஒரே பேரு, அத வச்சுத்தான் யாவாரமும் ஓடுது. "ஏடிஎஃப்லயே இது இருக்குதானே, கொஞ்சம் கூடப் போட்டா என்ன"னு கேக்க வைக்கிறது அந்த ஒத்தப் பேருதான்.

அதனால என்னோட யோசனை இது: உள்ளுக்கே இருக்கிறதுக்கு "சேர்மானம்". நாட்டு வைத்தியரும் சமையக்காரரும் புழங்குற சொல்லு, இன்னது இவ்வளவுன்னு அளவும் அதுக்குள்ளயே இருக்கு. வெளியில வாங்கி ஊத்துறதுக்கு "மேற்சேர்ப்பு". ரெண்டையும் பிரிச்சுட்டா கேள்விய நேரா கேக்கலாம்: சேர்மானம் சரியா இருக்கிற ஒயில்ல மேற்சேர்ப்பு எதுக்கு?

ஏன் வேணாங்கிறேன்னா, ஓட்டோ கியர்பொக்ஸுல ஒயில் வழுக்கவும் வேணும், கவ்வ விடவும் வேணும். உள்ளுக்குள்ள கிளட்ச் தட்டுங்க ஒயில்ல நனைஞ்சுகிட்டேதான் ஒண்ண ஒண்ணு புடிக்குது. ரொம்பக் கவ்வுனா கியர் மாறும்போது வெட்டும், ரொம்ப வழுக்குனா தட்டு தேஞ்சு எரியும். எந்தளவு வழுக்கணுங்கிறது ஒவ்வொரு கியர்பெட்டிக்கும் வேற வேற. 1960கள்லயே ஃபோர்ட் உராய்வு திருத்தி போடாத ஒயில் கேட்டது, ஜெனரல் மோட்டர்ஸோட டெக்ஸ்ரோன் ஒயில்ல அது இருந்தது, ஃபோர்ட் பெட்டியில டெக்ஸ்ரோன ஊத்தி வழுக்குதுன்னு பெட்டியக் கழட்டுன கதை அந்தக் காலத்துலயே நெறைய. இன்னைக்கு டொயோட்டா டபிள்யூஎஸ், ஹொண்டா டிடபிள்யூ-1னு ஆளுக்கு ஒரு ஒயில் வச்சிருக்கிறதுக்குக் காசும் ஒரு காரணமா இருக்கலாம், ஆனா காசு மட்டும் இல்ல.

ஒரு இடைச்செருகல். அந்தக் காலத்து ஏடிஎஃப்ல உராய்வு திருத்தியா இருந்தது என்ன தெரியுமா, திமிங்கில எண்ணெய். திருகோணமலைப் பக்கமும் மிரிஸ்ஸவுலயும் போட்டுல போய்ப் பாக்குறாங்களே அந்த ஸ்பேர்ம் திமிங்கிலத்தோடதுதான். 1970ல அமெரிக்கா அத அழிஞ்சுபோற உயிரினப் பட்டியல்ல போட்டதும் கம்பனிங்க மாத்து தேடி அலைஞ்சுச்சு, ஹொஹோபா எண்ணெய் வரைக்கும் போனாங்க. சேர்மானத்துல ஒரு சாமான் மாறுனா எவ்வளவு பாடுங்கிறதுக்குத்தான் சொல்றேன்.

"ஆனா மலையில ஓடுற வண்டிக்கு எக்ஸ்ட்ரா பாதுகாப்பு வேணாமா"னு நானுஓயா அண்ணன் கேட்டிருந்தாரு. அண்ணே, கேள்வி நியாயமானது, கம்பளையிலருந்து புசல்லாவை, றம்பொடைன்னு ஏறி நுவரெலியாவுக்கு 1868 மீற்றர் வரைக்கும் வாறப்ப, முன்னுக்கு ஒரு மரக்கறி லொறி ஊர்ந்துகிட்டிருந்தா நம்ம வண்டி டோர்க் கன்வேர்ட்டர் (எஞ்சின் சுத்துறத ஒயில் மூலமா கியர்பெட்டிக்குக் கடத்துறது) லொக் ஆகாமலேயே வழுக்கிக்கிட்டு ஏறும், அந்த வழுக்கல் முழுக்கச் சூடாத்தான் ஒயிலுக்குள்ள போகும். அந்தச் சூட்டுலதான் சேர்மானம் கொஞ்சங் கொஞ்சமாத் தீருது. தீந்தத நெரப்ப ஒரே வழி புது ஒயில், போத்தல்ல வாறது அந்தப் பட்டியல்ல ஒண்ணு ரெண்ட மட்டும் கூட்டி மத்தத ஐதாக்குது. மலைநாட்டுல ஓடுறவங்க புத்தகத்துல போட்டிருக்கிற கிலோமீற்றருக்கு முந்தியே ஒயில் மாத்துறது நல்லது, போத்தல் காச அதுக்குப் போடலாம். அதுலயும் ஒண்ணு, கீழ நட்டக் கழட்டி வடிச்சா எல்லாம் வந்துறாது, கன்வேர்ட்டருக்குள்ள பெரும் பங்கு நின்னுரும்.

டிப்ஸ்டிக் (ஒயில் அளவு பாக்குற கம்பி) இருக்கிற வண்டியா இருந்தா ஒரு துளிய வெள்ளை டிஷூவுல விட்டுப் பாருங்க. சிவப்பு கொஞ்சம் மங்கிப் பரவுனா பயமில்ல. நடுவுல கருப்புப் பொட்டா நின்னு தீஞ்ச வாடை அடிச்சா, அந்தப் பெட்டி ஏற்கனவே வருத்தக்காரப் பெட்டி, அது நம்ம கேள்விக்கு வெளிய. பழைய பெட்டியில ஒரு குறிப்பிட்ட வேகத்துல சக்கரம் கல்லுமேல ஏறுற மாதிரி ஒரு உதறல் வருமே, அதுக்கு உராய்வு திருத்தி ஊத்தி உதறல் நின்னதும் உண்டு. சீல் கசியுறதுக்கு ரப்பர ஊத வைக்கிற போத்தலும் அப்படித்தான், கசியாத பெட்டியில ஊத்துனா நல்ல ரப்பரத்தான் மெதுவாக்கும்.

---

பதுளையிலருந்து:

சேர், "மேற்சேர்ப்பு" எனக்குப் புடிச்சிருக்கு, ஆனா ஒரு சந்தேகம். எங்க வீட்ல வேகன் ஆர், மாமாகிட்ட பழைய கொரோலா 121, எதிர்வீட்டுல வெசல், எல்லாரும் "ஓட்டோ கியர்"னுதான் சொல்றோம், கடைக்காரரு ஒரே போத்தல மூணு வண்டிக்கும் சரின்னு நீட்டுறாரு, லேபல்லயும் அப்படித்தான் இருக்கு. இதுல எது சேர்மானம் எது மேற்சேர்ப்புன்னு பிரிக்கிறதுக்கு முந்தி "ஓட்டோ"வப் பிரிக்க வேணாமா?

---

தங்கச்சி, நல்ல எடத்துல புடிச்சீங்க. மாமாட கொரோலா 4 கியர் உள்ள பழைய பாணி ஓட்டோ, ஏடிஎஃப் போகும். உங்க வேகன் ஆர் சிவிடி, அது 4 கியர் பெட்டி மாதிரி படிப்படியா மாறுறது இல்ல, ரெண்டு கப்பிக்கு நடுவுல உருக்குப் பட்டி நெரிபட்டு ஓடுது, உருக்கோட உருக்கு கவ்வணும். அதுல போய் வழுவழுப்பு கூட்டுற போத்தல ஊத்துனா பட்டி வழுக்கிக் கப்பியில கோடு விழும், அப்புறம் பெட்டி மாத்துறதுதான். முதல் தலைமுறை ஹைபிரிட் வெசல்ல இரட்டை கிளட்ச், அது மூணாவது சாதி. லேபல்ல எழுதுறது எழுதுறவன் வசதிக்கு, வண்டிக் கையேட்டுல போட்டிருக்கிறத மட்டும் நம்புங்க, நெறையக் கையேடு மேற்சேர்ப்பு ஊத்தாதன்னு நேராவே சொல்லுது. 2020ல இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரி வரைக்கும் மூடி வச்சதுல நம்ம ஆளுங்க பழைய வண்டியக் கண்ணுல வச்சுப் பாத்துக்கப் பழகிட்டாங்க, அந்தப் பயத்துலதான் நல்ல பெட்டிக்கும் போத்தல் வாங்குறாங்க.

நம்ம கலைச்சொல் பட்டியல்ல இப்படிப் போடலாம்னு இருக்கேன்:

சேர்மானம்: எண்ணெய் தயாரிக்கும்போதே அளவுப்படி சேர்க்கப்படும் பொருள்களின் தொகுதி.
மேற்சேர்ப்பு: தயாரித்த எண்ணெயில் பாவனையாளர் பின்னர் ஊற்றும் பொருள்.
உராய்வு திருத்தி: இரண்டிலும் வரக்கூடியது.
பட்டிச் செலுத்தம்: சிவிடி. (இதுக்கு நல்ல சொல்லு யாராவது தாங்க, எனக்கே திருப்தி இல்ல.)

"செலுத்தம்"ங்கிறதுக்கு (ட்ரான்ஸ்மிஷன்) பதிலா "ஊடுகடத்தி"தான் வேணும்னு சொல்றவங்க தனி இழை தொடங்குங்க, இதுல வேணாம். மத்த ஆட்சேபணை இருந்தா ஞாயித்துக்கிழமைக்கு முந்தி எழுதுங்க, திங்கக்கிழமை வகுப்புக் குறிப்புல ஏத்திருவேன்.