விரல் குத்தாமல் சீனி பார்க்கிற வோட்ச் வந்தால் நம்பலாமோ?

வெள்ளவத்தை வாசன்:
இனி வரப்போற ஸ்மார்ட் வோட்ச்களிலை நான் காத்திருக்கிறது ஒண்டுக்குத்தான், சீனி பார்க்கிற சென்சர். அம்மாவுக்கு நீரிழிவு. குத்துறதுக்குப் பயந்து கிளினிக் நாளிலை மட்டும்தான் பார்ப்பா. 2018இலையே ஈசிஜியை மணிக்கூட்டுக்குள்ளை கொண்டு வந்தவைக்கு இது முடியாதோ? வந்தால் எத்தனை பேரின்ரை காலும் கண்ணும் தப்பும்!

பொரளை தாதி:
தம்பி, இதயத்தின்ரை மின்சாரம் தோலிலையே கிடைக்கும், தொட்டால் போதும். சீனியை ஒளியாலை தேடவேணும். வெறுவயித்திலை 100 எண்டால், ஒரு லீற்றர் இரத்தத்திலை 1 கிராம் அளவுதான் குளுக்கோஸ். மிச்சத்திலை பெரும்பங்கு தண்ணி. அந்த அகச்சிவப்பு ஒளியைத் தண்ணியும் உறிஞ்சும். அதோடை கொழும்பு வெக்கை, வேர்வை, பட்டி அசையிறது. தோலைத் துளைக்காமல் சீனி அளக்கிற எந்த வோட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி குடுக்கேல்லை எண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியிலை எச்சரிச்சது. பிழையாய்க் கூட்டிக் காட்டுற எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால் ஆள் மயங்கி விழும். உயிருக்கே ஆபத்து.

வெள்ளவத்தை வாசன்:
அனுமதி எடுத்து வாறதைத்தான் அக்கா சொல்லுறன். 2025இலை அப்பிளின்ரை உயர் இரத்த அழுத்த அறிவிப்புக்கு அதே நிர்வாகம் அனுமதி குடுத்தது. அது எண் சொல்லாது. 30 நாள் தரவைப் பார்த்து, சந்தேகம் எண்டால் சொல்லும். வருத்தம் இருக்கிறதே தெரியாமல் திரியிற ஆளை டொக்டரிட்டை அனுப்ப, சீனிக்கும் அப்படி ஒண்டு போதும்.

கொட்டாஞ்சேனை ரவி:
அந்தத் தரவு ஆரிட்டைப் போகும்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்கும் இருக்கு. ஆனால் காப்புறுதிக்காரர் நாளைக்கு அதைக் கேட்டால் மறுக்கிற துணிவு எத்தனை பேருக்கு இருக்கு?

பொரளை தாதி:
டொக்டரிட்டை அனுப்புற அளவிலை நிண்டால் எனக்கும் சம்மதம். ஆனால் அறிவிப்பு வரேல்லை எண்டால் ‘எனக்கு ஒண்டுமில்லை’ எண்டு குளிசையை விட்டிடுவினம். அதுதான் என்ரை பயம். சாம்சுங் வோட்ச் பிரஷர் காட்டும். அதையும் 28 நாளுக்கு ஒருக்கா கைப்பட்டி மெசினோடை சரிபார்க்கவேணும்.

வெள்ளவத்தை வாசன்:
அப்ப அதுவரை அம்மாவுக்கு என்ன வழி?

பொரளை தாதி:
கையிலை ஒட்டுற சென்சர் இருக்கு. தோலுக்குக் கீழை மெல்லிய இழை, 14 நாள் இருக்கும். விலைதான் கூட. அதுக்கு வசதியில்லை எண்டால், விரல் நுனியின்ரை நடுவிலை குத்தாமல் பக்கத்திலை குத்தச் சொல்லுங்கோ. நோவு குறையும்.