1849ல அயர்லாந்துலேர்ந்து வந்த விவசாயி, சொந்த ஊரைக் கண்டுபிடிக்க வழி இருக்கா?

மின்னசோட்டா_மருமக

வணக்கம். அயர்லாந்து பக்கம் வம்சாவளி தேடின அனுபவம் இங்க யாருக்காவது இருக்கா? என் வீட்டுக்காரர் அமெரிக்கர், அவங்க குடும்பம் அயர்லாந்து வழி. மாமனாருக்கு எண்பது வயசு ஆகப்போகுது, அவரோட கொள்ளுத்தாத்தா எந்த ஊர்லேர்ந்து கிளம்பி வந்தாருன்னு தெரிஞ்சுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. இந்தக் குடும்பத்துலயே கம்ப்யூட்டர் முன்னாடி பொறுமையா உக்கார்றது நான் ஒருத்திதான்னு வேலையை என் தலைல கட்டிட்டாங்க.

கைல இருக்கறது இவ்ளோதான். கல்லறைக் கல்லுல கவுண்டி கிளேர், அயர்லாந்துன்னு மட்டும் வெட்டியிருக்கு (கவுண்டின்னா அங்க மாவட்டம் மாதிரி), ஊர் பேர் இல்ல. 1860 சென்சஸ்ல இல்லினாய்ஸ்ல கூலி ஆள், 1870ல தெற்கு மின்னசோட்டால விவசாயி. அந்த 1870 லிஸ்ட்ல பசங்க பிறந்த இடத்தைப் பாத்தா மூத்தவன் நியூயார்க், அடுத்த ரெண்டும் இல்லினாய்ஸ், கடைசி ரெண்டும் மின்னசோட்டா, ஆக மனுஷன் வந்த வழி அதுலயே தெரிஞ்சுடுது. 1900லயும் உயிரோட இருந்திருக்கார், அந்த சென்சஸ்ல அமெரிக்கா வந்த வருஷம் 1849ன்னு இருக்கு.

வீட்டுல ஒரு கதை சொல்வாங்க, நியூயார்க் துறைமுகத்துல குடியேற வந்தவங்களைச் சோதிச்சு உள்ள விட்ட எல்லிஸ் ஐலண்ட்ல இறங்கினப்ப அங்க இருந்த கிளார்க் பேருக்கு முன்னாடி இருந்த "ஓ"வை வெட்டிட்டாராம். பேரை இங்க போடல, ஆனா கிளேர்ல தடுக்கி விழுந்தா அந்தப் பேர்க்காரர் யார் மேலயாவதுதான் விழணும், அவ்ளோ சாதாரணமான பேர். காசு கட்டி சேந்த சைட்ல அதே பேர், ஏறக்குறைய அதே வயசுன்னு ஞானஸ்நானப் பதிவு ஒரு கூட்டமே வருது, இதுல நம்ம ஆள் யாருன்னு எதை வெச்சு முடிவு பண்றது? அயர்லாந்தோட 1841 சென்சஸ் ஆன்லைன்ல இருக்கா?

பழைய_காகிதம்

1841 சென்சஸ் போச்சுங்க. 1821லேர்ந்து 1851 வரைக்கும் எடுத்தது எல்லாம் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ்ல இருந்த ஆவணக் காப்பகத்தோட சேந்து 1922ல எரிஞ்சுடுச்சு, துண்டு துணுக்குதான் மிச்சம். 1861லேர்ந்து 1891 வரைக்கும் உள்ளதுக்கு நெருப்பு கூட தேவைப்படல, அரசாங்கமே அழிச்சுட்டாங்க. முழுசா தப்பிச்சதுல பழசு 1901, அதுவும் 1911ம் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்துல இலவசமாவே பாக்கலாம், ஆனா உங்க ஆள் அதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே கிளம்பிட்டாரு.

எல்லிஸ் ஐலண்ட் கதையை விட்டுடுங்க. அது திறந்ததே 1892 ஜனவரில. அதுக்கு முன்னாடி இருந்த காசில் கார்டன் கூட 1855லதான் வந்துச்சு, 1849ல நியூயார்க்ல இறங்கினவன் கப்பலை விட்டு இறங்கி நேரா தெருவுல நடந்து போனான். எந்தக் காலத்துலயும் அங்க உக்காந்து யாரும் பேரை மாத்தி எழுதல, கப்பல்காரன் கொண்டு வந்த லிஸ்டை வெச்சு சரிபாத்தாங்க, அவ்ளோதான். "ஓ", "மேக்" எல்லாம் இங்கிலீஷ் ஆட்சில அயர்லாந்துலயே நிறைய குடும்பத்துல உதிந்து போயிருந்துச்சு. அதனால "ஓ" வெச்சும் வெக்காமலும் தேடுங்க.

கப்பல் லிஸ்டைத் தேடி மண்டையை உடைச்சுக்காதீங்க, அந்தக் காலத்து லிஸ்ட்ல பேரு, வயசு, தொழில், நாடு "அயர்லாந்து", பெரும்பாலும் அதோட சரி. கிடைச்சாலும் ஊர் தெரியாது.

அந்த ஞானஸ்நானக் கூட்டத்துலேர்ந்து ஒருத்தரைத் தூக்கி வம்சாவளி மரத்துல ஒட்டிடாதீங்க ப்ளீஸ். அப்படி ஒட்டினதை அடுத்த ஆள் காப்பி அடிப்பான், பத்து வருஷத்துல அதுவே சரித்திரம் ஆயிடும். மேற்கு அயர்லாந்துல பல பங்குகள்ல (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர்கள்) பதிவேடு ஆரம்பிக்கறதே லேட்டு, உங்க ஆளோட பதிவு எங்கயுமே மிச்சம் இல்லாம கூட இருக்கலாம், அப்ப அந்தக் கூட்டத்துல இருக்கற எல்லாருமே வேற ஆளுங்கதான்.

ரயிலடி_ராஜா

சகோதரி, இவ்ளோ கஷ்டம் எதுக்கு, கிரிஃபித் வேல்யுவேஷன்னு ஒண்ணு இருக்கு, அயர்லாந்து முழுக்க யார் யார் எந்த நிலத்துல இருந்தாங்க, எவ்ளோ ஏக்கர், யார் ஜமீன்தார்னு 1847லேர்ந்து 1864 வரைக்கும் வரி போடறதுக்காக எடுத்த லிஸ்ட், மேப்போட இலவசமா இருக்கு. சென்சஸ் எரிஞ்சதால அதுதான் இப்ப சென்சஸ் மாதிரி. பேரைப் போட்டா வந்துடப்போவுது.

பழைய_காகிதம்

ராஜா சார், கிளேருக்கு கிரிஃபித் வெளிவந்தது 1855ல. இவர் 1849லயே கிளம்பிட்டாரு. அதுல அவர் பேர் இருந்தா அது அவர் இல்லங்கறதுக்குத்தான் அத்தாட்சி. அவங்க அப்பாவோ அண்ணனோ இருக்கலாம், ஆனா அவங்க பேரே இன்னும் தெரியாதே. கிரிஃபித் ரெண்டாவது ரவுண்டுக்கு, இப்ப இல்ல.

நதிமூலம்

1849, கிளேர். இந்த ரெண்டையும் சேத்துப் பாத்தாலே ஏன் கிளம்பினாருன்னு முக்கால்வாசி புரிஞ்சுடும். உருளைக்கிழங்குல நோய் விழுந்தது 1845ல, ஆனா கிளேர்ல ஜனங்களை ஊரை விட்டே துரத்தினது பசி மட்டும் இல்ல. 1847ல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, கால் ஏக்கருக்கு மேல நிலம் வெச்சிருக்கறவனுக்கு அரசாங்க நிவாரணம் கிடையாது, சாப்பாடு வேணும்னா நிலத்தை விட்டுக் குடு. ஜமீன்தார்களுக்கு அது ரொம்ப சவுகரியமாப் போச்சு, குத்தகைக்காரன் வெளிய வந்த உடனே அவன் திரும்பி வந்து நுழையாம இருக்கறதுக்காக கூரையைப் பிரிச்சு சுவத்தை இடிச்சாங்க. கிளேர்ல இருக்கற கில்ரஷ் வட்டாரத்துல இப்படி ஆயிரக்கணக்கான பேரை வெளியேத்தினாங்க, அங்க நிவாரண அதிகாரியா இருந்த கேப்டன் ஆர்தர் கென்னடி அதை எல்லாம் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினாரு. 1849 டிசம்பர்ல லண்டன் பத்திரிகை ஒண்ணு கில்ரஷ் போயி இடிஞ்ச வீட்டையும் வெளிய நிக்கற ஜனங்களையும் படமா வரைஞ்சு போட்டுது. உங்க ஆள் அந்த வட்டாரமான்னு இன்னும் தெரியாது, ஆனா மாமனாருக்குச் சொல்லும்போது "உருளைக்கிழங்கு விளையல, அதனால வந்தாரு"ன்னு ஒரு வரியில முடிச்சுடாதீங்க. அந்தப் பஞ்சத்துல பத்து லட்சம் பேர் செத்தாங்க, ஏறக்குறைய அதே அளவு ஜனங்க நாட்டை விட்டுக் கிளம்பினாங்க.

இன்னொரு விஷயம். அமெரிக்கா வந்த அயர்லாந்துக்காரங்கள்ல பெரும்பாலானவங்க நியூயார்க், பாஸ்டன்னு நகரத்துலயே தங்கிட்டாங்க, நிலத்துக்குப் போனவங்க கம்மி. உங்க ஆள் விவசாயி ஆனது தேடறவங்களுக்கு அதிர்ஷ்டம், நிலம் வாங்கினவன் காகிதம் விட்டுட்டுப் போவான். அவர் ஹோம்ஸ்டெட், அதாவது குடியேறிப் பயிர் பண்றவங்களுக்கு அமெரிக்க அரசாங்கம் குடுத்த நிலம், எடுத்தாரான்னு பாருங்க. 1862 சட்டப்படி 160 ஏக்கர், அஞ்சு வருஷம் அங்கயே குடியிருந்து பயிர் பண்ணிக் காட்டணும், வெளிநாட்டுக்காரன்னா குடியுரிமைக்கு எழுதிக் குடுத்திருக்கணும். பட்டா படம் அமெரிக்க மத்திய அரசோட நிலப் பதிவு சைட்ல சும்மாவே கிடைக்கும், ஆனா அதுல சரக்கு இல்ல, அதுக்குப் பின்னாடி இருக்கற ஃபைலை அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துல காசு கட்டி வாங்கணும். வீடு எத்தனைக்கு எத்தனை அடி, எவ்ளோ ஏக்கர் உழுதாரு, கிணறு வெட்டினாரான்னு அதுல சாட்சிங்க சொல்லியிருப்பாங்க. அந்த சாட்சிங்க பேரைத்தான் நீங்க பாக்கணும். முன்னப்பின்ன தெரியாதவனை யாரும் சாட்சிக்குக் கூப்பிட மாட்டாங்க, பல நேரம் ஒரே பங்குலேர்ந்து ஒண்ணா வந்தவனா இருப்பான்.

அப்படியே 1870 விவசாய சென்சஸையும் தேடுங்க, அது தனி லிஸ்ட். எத்தனை குதிரை, எத்தனை பன்னி, வெண்ணெய் எத்தனை பவுண்டுன்னு வரிசையா இருக்கும், "ஐரிஷ் பொட்டேட்டோஸ்"னே தனியா ஒரு கட்டம் உண்டு.

டிஎன்ஏ_தாஸ்

மாமனாருக்கு ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துடுங்க, மேட்டர் முடிஞ்சுது. மேப்ல கிளேர்னு கலர் அடிச்சே காட்டும்.

பழைய_காகிதம்

கிளேர்னு கல்லறையிலயே இருக்கே தாஸ், அதுக்கு எதுக்குக் காசு. மேப்பை விட்டுட்டு மேட்ச் லிஸ்டை, அதாவது டிஎன்ஏ ஒத்துப்போற சொந்தக்காரங்க லிஸ்டை, பாக்கறதா இருந்தா எடுக்கலாம், எடுத்தா மாமனாருக்குத்தான் எடுக்கணும், மகனுக்கு எடுத்தா பாதி கழிஞ்சுடும்.

மின்னசோட்டா_மருமக

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நடுவுல ஆளையே காணோமேன்னு நெனைச்சிருப்பீங்க, ஃபைல் வர்றதுக்காகக் காத்திருந்தேன். நதிமூலம் சார் சொன்ன மாதிரியே ஹோம்ஸ்டெட்தான். 16க்கு 20 அடில மரவீடு, ஒரு கதவு, ரெண்டு ஜன்னல், தொழுவம், கிணறுன்னு எழுதியிருக்கு. கீழ அவர் கையெழுத்து இல்ல, ஒரு பெருக்கல் குறி போட்டு பக்கத்துல வேற யாரோ அவர் பேரை எழுதியிருக்காங்க. மாமனார் அந்தப் பெருக்கல் குறியையே பாத்துக்கிட்டு இருந்தாரு, அவருக்கு இவ்ளோ நாள் கொள்ளுத்தாத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர்னே தெரியாதாம். விவசாய சென்சஸும் கிடைச்சுது, கோதுமைதான் முக்கால்வாசி, உருளைக்கிழங்கும் போட்டிருக்கார், விடல மனுஷன்.

சாட்சி ரெண்டு பேர்ல ஒருத்தர் நார்வேக்காரர், இன்னொருத்தர் ரெண்டு நிலம் தள்ளி இருந்த அயர்லாந்துக்காரர். பங்குக் கோயில்ல போயி கேட்டா நாலாவது குழந்தைக்கு ஞானத்தகப்பனும் அவரேதான்! அதே கல்லறைத் தோட்டத்துல அவர் கல்லுல கிளேர், கில்மர்ரி பங்குன்னு தெளிவா இருக்கு. அப்ப எங்க ஆளும் கில்மர்ரிதானே?

பழைய_காகிதம்

அருமையான வேலை. ஆனா கில்மர்ரி கிளேர்ல ஒண்ணு இல்ல. கில்மர்ரி இப்ரிக்கேன் அட்லாண்டிக் கடலோரத்துல, கில்மர்ரி மக்மஹோன் தெக்கால ஷானன் ஆத்து முகத்துவாரத்துக்கிட்ட. கல்லுல மொட்டையா கில்மர்ரின்னு இருந்தா எதுன்னு சொல்ல முடியாது.

இப்ப ராஜா சார் சொன்ன கிரிஃபித்தை எடுங்க. உங்க ஆளோட பேரை மட்டும் போடாதீங்க, சாட்சிக்காரர் பேரையும் உங்க ஆளோட சம்சாரம் கல்யாணத்துக்கு முன்னாடி வெச்சிருந்த குடும்பப் பேரையும் போட்டு, மூணும் எந்தக் கில்மர்ரில பக்கத்துப் பக்கத்து டவுன்லேண்டுல (அயர்லாந்துல நிலத்தைப் பிரிச்ச ரொம்பச் சின்ன பிரிவு) வருதுன்னு பாருங்க. அதுக்கும் முன்னாடி 1820கள்லயும் 1830கள்லயும் சர்ச் வரிக்காக எடுத்த டைத் லிஸ்ட் இருக்கு, அதுல அப்பா தலைமுறை மாட்டலாம். கிளேர் கவுண்டி லைப்ரரி சைட்ல ரெண்டையும் தன்னார்வலர்கள் டைப் அடிச்சு இலவசமா வெச்சிருக்காங்க, அந்த மாதிரி வேற கவுண்டிக்குக் கிடைக்கறது அபூர்வம்.

ரயிலடி_ராஜா

நான் அப்பவே சொன்னேன் 😄

நதிமூலம்

பங்கு எதுன்னு பிடிபட்டதும் அயர்லாந்து தேசிய நூலகத்து சைட்ல கத்தோலிக்கப் பதிவேட்டுப் படங்களைப் பக்கம் பக்கமா பாருங்க, 1880 வரைக்கும் இருக்கு, இலவசம். பல பங்குல லத்தீன்லதான் எழுதியிருப்பாங்க, ஜேம்ஸ் "ஜாக்கோபஸ்"னு இருப்பான், வில்லியம் "குலியெல்மஸ்". மூத்த பையன் பேரை மனசுல வெச்சுக்குங்க, அப்பாவோட அப்பா பேரை மூத்தவனுக்கு வெக்கறது அவங்க பழக்கம், எல்லா வீட்டுலயும் நடக்காது, ஆனா ரெண்டு பேர்ல யாருன்னு சந்தேகம் வந்தா உதவும். எழுத்து புரியலன்னா படத்தை இங்க போடுங்க, சேந்து படிக்கலாம். ரெண்டு கில்மர்ரியையும் பாத்து முடிக்கற வரைக்கும் மாமனார்கிட்ட ஊர் பேரைச் சொல்லிடாதீங்க, அவர் நேரா டிக்கெட் போட்டுடுவாரு.