எபேசியர் 2:8-ஐயும் யாக்கோபு 2:24-ஐயும் ஒரே வகுப்பில் எப்படி எடுப்பது?

கடுகுவிதை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் வேதபாட வகுப்புக்கு எபேசியர் 2:8-10, 40 நிமிஷம். இரட்சிப்பு (மீட்பு) கிருபையினாலே வருகிறது, "கிரியைகளினால் (செயல்களால்) உண்டானதல்ல" என்று வாசித்ததுமே யாராவது யாக்கோபு 2:24-ஐத் திறப்பார்கள்: மனுஷன் "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" நீதிமானாக்கப்படுகிறான், அதாவது தேவனால் நீதிமான் என்று ஏற்கப்படுகிறான். கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்று பவுல் எழுதும் ரோமர் 3:28-க்கு இது நேர் எதிராகத் தெரிகிறது. "இரண்டும் வேண்டும்" என்று சமாளித்தால் கிருபை பாதியாகிவிடும். எங்கிருந்து தொடங்கலாம்?

ஒலிவமரம்:
பிரதர், யாக்கோபுக்குப் போகுமுன் எபேசியரிலேயே 15 நிமிஷம் நில்லுங்கள். பலகையில் எழுதுங்கள்: கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு, நற்கிரியைகளைச் செய்கிறதற்கு. உருபுகளை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். 'ஆலே' காரணம். 'கொண்டு' வாங்குகிற கை. 'கு' நோக்கம். நற்கிரியை 10-ம் வசனத்தில் நான்காம் வேற்றுமையோடு வருகிறது. அதைப் பிடுங்கி மூன்றாம் வேற்றுமையில் வைப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். பல வகுப்புகள் 9-ம் வசனத்தோடு வேதத்தை மூடிவிடுகின்றன. "அப்படியானால் எப்படியும் வாழலாமா?" என்ற கேள்வி அங்கேதான் முளைக்கிறது.

இன்னொன்று, "இது தேவனுடைய ஈவு" என்பதில் எது 'இது'? தமிழில் கிருபை, விசுவாசம், இரட்சிப்பு எல்லாமே 'இது'தான். கிரேக்கத்தில் காரிஸ் (கிருபை), பிஸ்டிஸ் (விசுவாசம்) இரண்டும் பெண்பாற்சொற்கள். 'டூட்டோ' என்ற சுட்டோ பெண்பால் அல்ல. அதனால் இரட்சிக்கப்பட்ட காரியம் முழுவதையுமே அது சுட்டுகிறது என்று கொள்வதுதான் பொருத்தம்.

பெத்தானியா:
தம்பி, யாக்கோபுக்கு ஆபிரகாமின் வயதைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஆதியாகமம் 15:6-ல் அவர் விசுவாசம் அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. 16:16-ல் இஸ்மவேல் பிறக்கும்போது வயது 86. 17:24-ல் விருத்தசேதனம், வயது 99. ஆக, குறைந்தது 13 வருஷம் எந்தச் சடங்கும் இல்லாமலே நீதிமான்! ரோமர் 4:10-ல் பவுல் கேட்பது இதைத்தான்.

யாக்கோபு எடுப்பது ஆதியாகமம் 22-ம் அதிகாரம், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன சம்பவம். விறகைச் சுமக்கிற அளவுக்கு ஈசாக்கு வளர்ந்துவிட்டான். அதைச் சொன்ன கையோடு 2:23-ல் அதே 15:6-ஐ எடுத்து, அந்த வாக்கியம் "நிறைவேறிற்று" என்கிறார். பவுல் வேரைப் பார்க்கிறார், யாக்கோபு கனியைப் பார்க்கிறார். அவர்கள் எதிர்க்கும் ஆட்களும் வேறு. கூலி கேட்டு நிற்பவனோடு பவுல் பேசுகிறார் (ரோமர் 4:4). பசித்தவனிடம் "பசியாறுங்கள்" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புகிறவனை யாக்கோபு பிடிக்கிறார் (2:16). பிசாசுகளுக்கும் இருப்பதாக யாக்கோபு 2:19 சொல்லும் அந்த விசுவாசத்தைப் பவுலும் ஏற்கமாட்டார்.

மெழுகுவர்த்தி:
ஒரு வேண்டுகோள். "கத்தோலிக்கர் நற்செயலால் மீட்பை வாங்கப் பார்க்கிறார்கள்" என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். நீதிமானாக்கப்படுவதற்கு முந்திய எதுவும், நம்பிக்கையோ செயலோ, அந்த அருளைச் சம்பாதிக்காது என்று 1547-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கமே எழுதியிருக்கிறது. வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது: பெற்ற நீதி நற்செயல்களால் வளரும் என்கிறது திரெந்து, நீதிமான் என்ற தீர்ப்பு ஒரே தரம் முழுமையாகக் கிடைக்கிறது, வளர்வது பரிசுத்தமாகுதல் என்றார்கள் லூத்தர் போன்ற சீர்திருத்தவாதிகள். 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன: நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே ஏற்கப்படுகிறோம் என்று. கத்தோலிக்கப் பிள்ளைகள் இருந்தால் அருள், நம்பிக்கை, மீட்பு என்ற சொற்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வேறு ஏதோ பேசுகிறீர்கள் என்று நினைப்பார்கள்.

ஒலிவமரம்:
மெழுகுவர்த்தி சொன்னது மிகவும் சரி. உவமையிலும் ஜாக்கிரதை. "நீ பாதி தூரம் வா, மீதி தூரம் தேவன் வருவார்" என்பதை யாராவது நிச்சயம் சொல்வார்கள். எபேசியர் 2:1 நம்மைப் பாவங்களில் "மரித்தவர்களாயிருந்த" என்கிறது, மரித்தவன் எப்படிப் பாதி தூரம் வருவான்? இதைவிட மோசம், விசுவாசத்தையே கிரியையாக்குவது. சுகமாகாதவரிடம் "உங்கள் விசுவாசம் போதாது" என்று சொல்வதை வன்மையாகத் தடுங்கள். அளந்து கொடுக்கிற விலையல்ல அது. பிலிப்பியர் 2:12-ஐ எடுத்தால் இரட்சிப்பு நிறைவேறப் "பிரயாசப்படுங்கள்" என்பதோடு நிறுத்தாமல், விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிற 13-ஐயும் வாசிக்க வையுங்கள்.

கடைசி 5 நிமிஷத்துக்கு லூக்கா 18:9-14. வாரத்தில் இரண்டுதரம் உபவாசம், எல்லாவற்றிலும் தசமபாகம் என்று பரிசேயன் கணக்குக் காட்டுகிறான். ஆயக்காரனுக்கு (வரி வசூலிப்பவனுக்கு) காட்ட எதுவுமில்லை, மார்பில் அடித்துக்கொள்கிறான். "நீதிமானாக்கப்பட்டவனாய்" வீட்டுக்குத் திரும்பினவன் யார் என்று மட்டும் கேளுங்கள். ரோமர் 3:28-ல் உள்ள அதே சொல்தான் அங்கேயும்.