காம்பராவுக்குள் ரேடன் பார்க்கும்போது தவறு எங்கே நடக்கிறது?

ஹட்டனிலிருந்து

ரேடன் என்பது பாறையிலும் மண்ணிலும் இருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயு, நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவரும். அதை அளக்க மலைநாட்டில் கரித்தூள் டப்பாவை வைத்தால் முதலில் காலை வாருவது மூடுபனிதான். கரி ரேடனோடு ஈரத்தையும் உறிஞ்சும். ஈரம் ஏறிவிட்டால் வாயுவைப் பிடிக்கும் சக்தி குறைந்து, உள்ளதைவிடச் சிறிய எண் வரும். அடுத்தது தபால். ரேடன்-222 3.8 நாளில் பாதியாகிவிடும். நாலு நாள் வைத்து மூடிய டப்பா தோட்டத்துத் தபாலில் ஒரு கிழமை கிடந்தால் எண்ணுவதற்கு மிஞ்சுவது சொற்பம்.

அதனால் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, ஆல்ஃபா தட வில்லையே சரி. மின்சாரம் வேண்டாம். பிளாஸ்டிக் வில்லையில் ரேடன் உமிழும் ஆல்ஃபா துகள் விட்ட தழும்பை ஆய்வுகூடத்தில் சூடான கோஸ்டிக் சோடாவில் அரிக்கவிட்டு எண்ணுவார்கள். தழும்பு அழியாது, தாமதமானாலும் கவலையில்லை. குறைந்தது 3 மாதம், முடிந்தால் 12 மாதம் தொங்கட்டும். உறையைப் பிரித்த திகதியையும் திரும்ப மூடிய திகதியையும் அன்றே எழுதுங்கள். பிறகு நினைவிலிருந்து எழுதியதால் கெட்ட முடிவுகள் எத்தனையோ.

படுக்கும் காம்பராவில் வையுங்கள், குசினியில் வேண்டாம். தரையிலிருந்து 20 அங்குலத்துக்கு மேலே, கதவு ஜன்னலிலிருந்து 3 அடி தள்ளி இருக்கவேண்டும். பிள்ளைகள் கைக்கு எட்டினால் கதை முடிந்தது.

பண்டாரவளையிலிருந்து

சுவரையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நம் பக்கத்துப் பாறையிலும் மண்ணிலும் தோரியம் உண்டு. 1904இல் ஆனந்த குமாரசுவாமி கண்டெடுத்த தோரியனைட் பலாங்கொடைப் பக்கத்துக் கனிமம்தானே. தோரியத்திலிருந்து வருவது தோரன், ரேடனின் இன்னொரு வகை. அதன் அரைவாழ்வு 55 செக்கன்தான், ஆகவே சுவரை விட்டு வெகுதூரம் போகாது. மண்சுவரில் ஆணியடித்து வில்லையை ஒட்ட மாட்டினால், தோரனைத் தடுக்கும் வடிகட்டி இல்லாத வகையாக இருந்தால், அதையும் ரேடனாக எண்ணிவிடும். கூரை மரத்திலிருந்து நூலில், சுவருக்கு ஓர் அடி தள்ளித் தொங்கவிடுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து

டிஜிட்டல் மீட்டர் வைத்திருப்பவர்கள் முதலில் அலகைப் பாருங்கள். அமெரிக்க மீட்டர் ஒரு லீற்றருக்கு எத்தனை பிக்கோகியூரி என்று காட்டும், 37ஆல் பெருக்கினால்தான் ஒரு கன மீற்றருக்கு எத்தனை பெக்கரல் என்று வரும். 4 என்று கண்டு நிம்மதியடைய வேண்டாம், அது 148. உலக சுகாதார அமைப்பு சொல்வது 100. அது முடியாத இடத்திலும் 300ஐத் தாண்டக்கூடாது. புகைப்பவருக்கு அதே எண்ணில் ஆபத்து பலமடங்கு.

விடியற்காலை எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். குளிருக்கு எல்லாம் அடைத்து, அடுப்பு எரியும்போது சூடான காற்று மேலேறும். அந்த இழுப்பில் தரை வெடிப்பு வழியாக மண்காற்று உள்ளே வரும். ஒரு மாதச் சராசரியை எடுங்கள். குறுகிய காலச் சோதனைக்கு 12 மணிநேரம் முன்பே எல்லாவற்றையும் அடைக்கச் சொல்வார்கள். விறகடுப்பு எரியும் வீட்டில் அதைச் செய்யாதீர்கள், புகை முந்திக்கொள்ளும்.

பதுளையிலிருந்து

எண் கூடினால் முதலில் மலைப்பக்கச் சுவரும் தரையும் சேரும் மூலையைப் பாருங்கள். சீமெந்து பூசினால் கொஞ்சம் குறையும், ஆனால் அடுத்த மழைக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். நிலைக்கும் வழி உறிஞ்சு குழாய். தரையை உடைத்து ஒரு வாளி மண்ணை அள்ளி, 4 அங்குல பிவிசி குழாயை இறக்கி, சுற்றி அடைத்து, கூரைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். விசிறி வீட்டுக்கு வெளியே இருக்கவேண்டும், இரவும் பகலும் ஓடவேண்டும். உள்ளே பொருத்தினால், அதற்கு மேலே குழாய் ஒழுகும்போது இழுத்த வாயு காம்பராவுக்கே வரும்.

படுக்கையாகப் போகும் குழாய் குழியை நோக்கிச் சரிய வேண்டும். மாறிச் சரிந்தால் பள்ளத்தில் நீர் தேங்கி உறிஞ்சல் நின்றுவிடும், விசிறி மட்டும் சும்மா சுற்றும். தூரத்து வெடிப்பில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள், புகை கீழே இறங்கினால் வேலை செய்கிறது. லயத்தில் குழாயின் வாய்முனை அடுத்த காம்பராவின் ஜன்னலைப் பார்க்காமல் இருக்கட்டும். விசிறி ஓடத் தொடங்கிய பிறகு பழைய இடத்திலேயே புது வில்லையைத் தொங்கவிடுங்கள்.