கம்பளத்தில் முந்திரி வைன் கொட்டி, சோடா போட்டதும் நீலமாகிவிட்டது

குமுளி_மிளகுக்கொடி, இரவு 9.40

ஹோம்ஸ்டே ஹாலில் விரித்திருக்கும் கம்பளம். 4-க்கு 6 அடி, வெளிர் சந்தன நிறம், ஓரத்தில் மட்டும் மெரூன் பூ. கையால் முடிச்சுப் போட்டது. புரட்டினால் அடியில் பருத்தி நூல் தெரிகிறது. கிறிஸ்துமஸுக்குப் போட்ட முந்திரி வைன் அரை டம்ளர், சுமார் 100 மில்லி, நடுவில் கொட்டி 3 மணி நேரமாகிறது. கறை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். டிஷ்யூவால் ஒற்றிவிட்டுக் கல்லுப்பு போட்டோம். அதற்கு மேல் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசினோம். சிவப்பாக இருந்தது இப்போது பேனா மசி கொட்டினது போலக் கருநீலமாகிவிட்டது. கறை நிலைத்துவிட்டதா? இனி என்ன செய்ய? இங்கே 3 நாளாக மூடுபனி, வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

லோயர்கேம்ப்_காத்து, இரவு 9.52

முந்திரின்னு சொல்றது மலையாள முந்திரியா, அதாவது திராட்சையா, இல்ல நம்ம முந்திரியா? திராட்சைன்னா வழி இருக்கு. கொல்லாம்பழச் சாறு, அதான் நம்ம முந்திரிப் பழச் சாறுன்னா கதையே வேற, அது துணியில பட்டா லேசுல போகாது. அதைச் சொல்லிட்டு மத்ததைக் கேளுங்க.

குமுளி_மிளகுக்கொடி, இரவு 9.55

திராட்சைதான் அண்ணே, கம்பம் பன்னீர் திராட்சை. சர்க்கரை, கோதுமை, பட்டை, கிராம்பு. கலருக்காகக் கருக்கின சர்க்கரையும் ஊற்றியிருக்கிறது.

சாயப்பட்டறை_பழசு, இரவு 10.10

நீலத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், கறை நிலைக்கவில்லை. திராட்சைத் தோலில் இருக்கும் நிறப்பொருளுக்கு ஆந்தோசயனின் என்று பெயர். புளிப்பில், அதாவது அமிலத்தில், அது சிவப்பாக இருக்கும், அமிலத்துக்கு எதிரான காரத்தில் நீலமாகத் திரும்பும். சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறுகிறதே, அதையே நீங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். சோடா காரம். கறை போகவில்லை, சட்டைதான் மாற்றிக்கொண்டது.

ஆனால் சோடாவை அப்படியே விட்டுவைக்காதீர்கள். கம்பளி முடிக்குக் காரம் ஆகாது. முடி முரடாகும், மஞ்சளிக்கும். முதலில் பசையை எவர்சில்வர் ஸ்பூனால் வழித்து எடுங்கள், தேய்க்க வேண்டாம். உப்புக் கல் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், குமுளி மாதிரி ஊரில் அந்த இடம் மார்ச் வரை நசநசவென்றே இருக்கும்.

அப்புறம் அரை லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி வெள்ளை வினாகிரி (வினிகர்). கடையில் தெளிவாக இருக்குமே, அது. கள்ளு வினாகிரி வேண்டாம், அதுவே தனியாக ஒரு நிறம் விடும். துணியை இதில் நனைத்து, பிழிந்து, கறையின் விளிம்பிலிருந்து நடுவுக்கு ஒற்றுங்கள். லேசாக நுரைக்கும், நீலம் திரும்பச் சிவப்பாகும். சிவந்தால் நல்லது, சோடா செத்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று: கம்பளம் எந்த நூல்? அது தெரியாமல் அடுத்த மருந்து சொல்ல மாட்டேன்.

பீருமேடு_அக்கா, இரவு 10.18

ஒற்றுகிற துணி சுத்த வெள்ளையாக இருக்கட்டும் தம்பி. தோர்த்து, அதாவது மெல்லிய பருத்தித் துண்டு, ரொம்ப நல்லது, தண்ணீரைச் சட்டென்று குடிக்கும். ஆனால் கலர்க் கரை போட்ட தோர்த்து வேண்டாம், கறை எடுக்கப் போய் கரைச் சாயம் ஒட்டிக்கொள்ளும்.

நூல் கண்டுபிடிக்க, அடிப்பக்கத்திலிருந்து ஒரு முடியை உருவிக் கிடுக்கியில் பிடித்து, வாஷ்பேசின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். தலைமுடி கருகின வாசம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் கம்பளி. உருகிக் கட்டியாக, கறுப்பு மணி போல நின்றால் பாலியெஸ்டர், நைலான் வகை. காகிதம் எரிகிற மாதிரி எரிந்தால் பருத்தி, சணல் அல்லது விஸ்கோஸ் என்கிற செயற்கைப் பட்டு. பட்டு போலப் பளபளத்து, காகிதம் போல எரிந்தால் விஸ்கோஸ்தான். அதற்குத் தண்ணீர் பட்டாலே தடம் விழும், நனைந்தால் இழை பலவீனமாகிவிடும்; வீட்டில் கை வைக்காமல் ஒற்றியெடுத்துவிட்டு ட்ரைகிளீனிங் ஆளிடம் கொடுத்துவிட வேண்டும்.

குமுளி_மிளகுக்கொடி, இரவு 10.41

முடி கருகின வாசம், சாம்பல் பொடிந்துவிட்டது. வினாகிரித் தண்ணீர் பட்டதும் நீலம் போய் ரோஸ் நிறம் வந்தது. தோர்த்து முழுக்க ரோஸ்.

சாயப்பட்டறை_பழசு, இரவு 10.58

அப்படியானால் கம்பளி. உங்கள் தலையில் எதைப் போடத் துணிவீர்களோ அதை மட்டும் இதில் போடுங்கள், அதுவும் முடிதான். துணி துவைக்கிற பவுடர் கூடாது. அதில் காரம் இருக்கும். பல பவுடரில் புரதத்தைக் கரைக்கிற என்சைமும் இருக்கும். ரத்தக் கறையைத் தின்கிற அதே என்சைம் கம்பளியையும் தின்னும். குளோரின் ப்ளீச்சை நினைத்தும் பார்க்காதீர்கள், அது கம்பளியைக் கரைத்தே விடும். வினாகிரி பட்ட இடத்தில் ப்ளீச் ஊற்றினால் விஷவாயு வேறு கிளம்பும்.

ஸ்வெட்டர் துவைக்கிற ஈஸி திரவம் இருக்கிறதல்லவா, அதில் 1 தேக்கரண்டி, அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில். வெந்நீர் வேண்டாம், சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் கம்பளி முடி ஒன்றோடொன்று பின்னி அட்டை போலாகும், அதை எந்த மருந்தாலும் பிரிக்க முடியாது. கம்பளத்தின் அடியில் 4 மடிப்பு டவல். மேலே இந்த நுரைத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக விடுங்கள், ஒரு தடவைக்கு 50 மில்லிக்கு மேல் போக வேண்டாம். 5 நிமிடம் விட்டு, உள்ளங்கையால் அழுத்தி ஒற்றுங்கள். துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பித் திருப்பி வையுங்கள். நிறம் வருகிறவரை இதையே 4, 5 தடவை செய்யலாம். பிறகு வெறும் தண்ணீர் விட்டு, வழுவழுப்பு போகிறவரை ஒற்றுங்கள். சோப்பு தங்கினால் அந்த வட்டத்தில் மட்டும் அழுக்கு சீக்கிரம் ஏறும்.

உங்கள் வைனில் சர்க்கரை நிறைய. அது தண்ணீரிலேயே போய்விடும், ஆனால் முழுசாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் காலையில் எறும்பு வரிசை கட்டி இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

லோயர்கேம்ப்_காத்து, இரவு 11.07

மேல ஒயிட் வைன் ஊத்துங்க, சோடா வாட்டர் ஊத்துங்கன்னு யாராவது சொல்லிட்டு வருவாங்க. செய்யாதீங்க. சிவப்பைக் கொஞ்சம் நீர்த்துப் போகவைக்கும், அவ்வளவுதான். 100 மில்லி ஈரம் 300 மில்லி ஆகும், கறை ஒரு தட்டு ரெண்டு தட்டா விரியும். அதே வேலையைப் பச்சைத் தண்ணி செய்யும். உப்பும் கொட்டின முதல் 5 நிமிஷத்துக்குத்தான், அதுவும் டவல் கையில இல்லன்னா.

குமுளி_மிளகுக்கொடி, மறுநாள் மதியம் 2.15

இரவு ஒரு மணிக்குப் பார்த்தபோது 90 சதவீதம் போயிருந்தது. ஃபேன் போட்டுவிட்டுத் தூங்கினோம். இப்போது மேல்பக்கம் காய்ந்திருக்கிறது, அதே இடத்தில் பழுப்பு வளையம் மறுபடியும் வந்திருக்கிறது. நடுவில் லேசான ஊதா. என்ன தப்பு?

சாயப்பட்டறை_பழசு, மதியம் 2.50

தப்பு ஒன்றும் இல்லை, விளக்குத் திரி வேலை. வைன் முடியின் அடிவரை, பருத்தி நூல்வரை இறங்கிவிட்டது. மேலே காயக் காய, கீழே இருக்கிற ஈரம் முடி வழியாக ஏறுகிறது. ஏறும்போது கருக்கின சர்க்கரையையும் மிச்ச நிறத்தையும் தூக்கிக்கொண்டு வந்து நுனியில் விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும் ஆவியாகிறது. வளையம் விளிம்பில் விழுவதும் அதனால்தான்.

அந்த ஏற்றத்தையே நமக்கு வேலை செய்ய வைக்கலாம். அரை லிட்டர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி வினாகிரி. அதில் 50 மில்லி மட்டும் வளையத்தின் மேல் தெளித்து ஈரமாக்குங்கள். அதன் மேல் வெள்ளை டவல், ஒரு விரல் கனத்துக்கு அடுக்கு. அதற்கு மேல் பாலித்தீன். அதன் மேல் பாரம், தண்ணீர் நிரப்பின குடம் போதும். டவலைத் தாண்டி ஈரம் வெளியே போக வழியில்லாததால் நிறம் முடி நுனியில் நிற்காமல் துணிக்கு ஏறும். 12 மணி நேரம். டவலை எடுக்கும்போது அதில் பழுப்பு வட்டம் அச்சடித்தாற்போல இருக்கும். தேவைப்பட்டால் இன்னொரு தடவை.

அதன் பிறகும் ஊதா நின்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் பெரும்பாலும் 6 சதவீதம், 20 வால்யூம் என்று போட்ட பாட்டில் கொடுப்பார்கள். சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம். அதற்கு மேல் கம்பளிக்கு வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் நனைத்து ஊதா இருக்கிற இடத்தில் மட்டும் ஒற்றி, மேலே பாலித்தீன் மூடி 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். முன்னால் வினாகிரியை வெறும் தண்ணீரால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே பாட்டிலில் கலக்கவே கூடாது, மூக்கையும் கண்ணையும் அரிக்கிற அமிலம் உண்டாகும்.

லோயர்கேம்ப்_காத்து, மதியம் 3.05

இதுல எனக்குச் சம்மதமில்ல. கையால முடிச்சுப் போட்ட சாமானுக்குப் பெராக்சைடு எதுக்கு? சந்தன நிறம் சாயம் போட்டதா, ஆட்டு முடியோட சொந்த நிறமா? சாயம்னா ஊதா போற இடத்துல வெள்ளைப் பொட்டு விழும். ஊதாவுக்குப் பதில் வெள்ளைக் கறை.

சாயப்பட்டறை_பழசு, மதியம் 3.20

நியாயமான பயம்தான். ஆனால் கம்பளி ஆலைகளில் வெளுப்பதே பெராக்சைடால்தான். இழைக்கு அது எதிரியில்லை, சாயத்துக்கு எதிரி. அதனால்தான் முதலில் சோதனை. கம்பளத்தின் மூலையில், அடிப்பக்கம், நாலணா அளவு இடத்தில் போட்டு ஒரு மணி நேரம் விட்டு, கழுவி, காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்தில் எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரியும். நிறம் மாறியிருந்தால் லோயர்கேம்ப் சொல்வதே சரி, ஊதாவோடு வாழ்ந்துவிடலாம். மாறாவிட்டாலும் மெரூன் பூவுக்கு 2 அங்குலம் தள்ளியே நிறுத்துங்கள். மெரூன் சாயம் கசியுமா என்று ஈர வெள்ளைத் துணியை அதன் மேல் 5 நிமிடம் அழுத்தியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடலூர்_தறி, மாலை 5.30

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். பவானி ஜமக்காளத்துல இதே வைன் பட்டா இதே முறைதானா?

பீருமேடு_அக்கா, மாலை 5.48

பருத்தி ஜமக்காளம் என்றால் பயம் பாதி குறைவு. காரம் தாங்கும், முக்கி அலசலாம். ஆபத்து பட்டைகளில்தான், சிவப்புப் பட்டை கசிந்து பக்கத்து வெள்ளையில் ஏறினால் வைனே பரவாயில்லை என்று ஆகிவிடும். ஈரத் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் அழுத்திப் பாருங்கள். கசியவில்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீர் 4 லிட்டர், குளோரின் இல்லாத ஆக்சிஜன் ப்ளீச் பவுடர் 1 மேசைக்கரண்டி. பவுடர் முழுக்கக் கரைந்த பிறகு கறை பட்ட பக்கத்தை மட்டும் அரை மணி நேரம் முக்கி, அலசிவிடுங்கள். கொதிக்கிற தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுகிற பழைய வித்தை வெள்ளை வேட்டிக்குச் சரி, கலர் ஜமக்காளத்துக்கு ஆகாது. இப்போது வருகிற சிலதில் பளபளக்கிற செயற்கை நூலும் கலந்திருக்கும், கொளுத்திப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வாசலில் போடுகிற கயிற்று மிதியடியில் பட்டால் மட்டும் தண்ணீரை ரொம்பக் கம்மியாக. தென்னை நாரிலிருந்தே பழுப்பு இறங்கி, வைனை விடப் பெரிய வட்டமாக நிற்கும்.

குமுளி_மிளகுக்கொடி, 2 நாள் கழித்து, காலை 8.10

டவல் அடுக்கு 2 தடவை வைத்தோம். முதல் டவலில் டீ கொட்டினது போலப் பழுப்பு, இரண்டாவதில் வெளிறின ரோஸ். ஊதா கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது, அதனால் பெராக்சைடு போடவில்லை. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறது, ஆனால் லேசாக முடை வாசம். ஹாலில் திரும்ப விரிக்கலாமா?

லோயர்கேம்ப்_காத்து, காலை 8.30

விரிக்காதீங்க. கம்பளி தன் எடையில 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை உள்ளே வச்சுக்கிட்டு, தொட்டா காஞ்ச மாதிரியே இருக்கும். வாசம் அடியில இருக்கிற பருத்தி நூல்ல இருந்து வருது, பூசணம் பிடிக்கிறதுக்கு முந்தின வாசம். தரையில கிடந்தா நூல் இத்துப் போய் முடிச்சு கழலும். கயித்துக் கட்டில் இருந்தா அதுல கவுத்துப் போடுங்க, அடியில ஒரு டேபிள் ஃபேன், மேல ஒண்ணு. ஹேர் டிரையர் வேண்டாம். முடிஞ்சா ஜீப்புல போட்டுக் கம்பத்துக்கு இறக்குங்க, கீழே வெயில் அடிக்குது. நிழல்ல காத்தாட ஒரு பகல் போதும்.

காஞ்சிருச்சான்னு கையை நம்பாதீங்க. மிளகு நிறுக்கிற தராசு இருக்கும்ல, அதுல கம்பளத்தைச் சுருட்டித் தொங்கவிட்டு நிறுங்க. 12 மணி நேரம் கழிச்சு மறுபடி நிறுங்க. எடை குறைஞ்சிக்கிட்டே இருந்தா இன்னும் தண்ணி போயிட்டிருக்கு. ரெண்டு தடவையும் ஒரே எடை காட்டுனா விரிச்சிரலாம்.

குமுளி_மிளகுக்கொடி, காலை 8.44

தராசு இருக்கிறது. இப்போது 8 கிலோ 350. இரவு 8.44-க்கு மறுபடி நிறுத்துப் போடுகிறேன்.