குறுவைக்கு முதல் தடவையாக இயந்திர நடவு: பாய் நாற்றங்கால், சேறு, விடுபடும் குத்துகள் பற்றிச் சில சந்தேகங்கள்

மேலவயல்:
வணக்கம். மன்னார்குடிப் பக்கம், கனத்த களிமண், போர் தண்ணீர் இருக்கிறது. இந்தக் குறுவைக்கு மூணு ஏக்கரில் கோ 51 நெல்லை இயந்திரத்தில் நடப் போகிறோம். ஆறு வரிசை, உட்கார்ந்து ஓட்டும் வண்டி, வரிசை இடைவெளி 30 செ.மீ. இதுவரை கை நடவுதான். ஏக்கருக்கு 25 கிலோவுக்குக் குறையாமல் விதை விட்டு, 25 நாள் நாற்றைப் பறித்து நடுவதுதான் பழக்கம்.

கேள்விகள்: ஏக்கருக்கு எத்தனை பாய் (வண்டியில் ஏற்ற மெல்லிய மண் அடுக்கில் பாய் மாதிரி வளர்க்கும் நாற்று), எவ்வளவு விதை? தட்டு வாங்காமல் பாலிதீன் விரிப்பிலேயே பாய் தயாரிக்க முடியுமா? களிமண்ணில் சேறு கலக்கி எத்தனை நாள் விட்டு வண்டியை இறக்கலாம்? சுற்றுவட்டாரத்தில் இயந்திரம் நட்ட சில வயல்களில் திட்டுத் திட்டாகக் குத்து (ஓரிடத்தில் சேர்த்து நடும் நாற்றுக் கொத்து) விடுபட்டிருக்கிறது, சில இடங்களில் நாற்று மிதக்கிறது. ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உண்மையில் எதனால்?

பாய்நாற்று:
அண்ணே, பாய் எண்ணிக்கையை யாரிடமும் கேட்க வேண்டாம், கணக்குப் போட்டே எடுக்கலாம். 30 செ.மீ. வரிசையில் 16 செ.மீ.க்கு ஒரு குத்து என்றால் ஏக்கருக்குச் சுமார் 84,000 குத்து. 28 செ.மீ. அகலம், 58 செ.மீ. நீளம் உள்ள பாயை வண்டியின் நடவு விரல், அதாவது நாற்றைக் கிள்ளி ஊன்றும் கொக்கி, குறுக்கே 20 கிள்ளு, நீளவாக்கில் 11 மி.மீ.க்கு ஒரு கிள்ளு என எடுத்தால் ஒரு பாயில் ஏறக்குறைய 1,050 குத்து கிடைக்கும். ஆக 80 பாய். சேதாரம், பாடுவாசி (விடுபட்ட இடங்களைக் கையால் நட்டு) நிரப்புவது எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 90 போடுங்கள். கிள்ளும் அளவைக் கூட்டினால் பாய் இன்னும் வேண்டும். அதனால் விதை விடும் முன்பே வண்டிக்காரரிடம் எந்த அளவில் ஓட்டுவார் என்று பேசிவிடுங்கள்.

விதையை எடைக் கணக்கில் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஆடுதுறை 37 மாதிரி குண்டு ரகத்தில் ஆயிரம் மணி 23–24 கிராம் இருக்கும். கோ 51 சன்ன ரகம், 16 கிராம் ஒட்டித்தான் வரும். ஒரு குத்துக்கு நாலைந்து நாற்று விழ வேண்டும் என்றால் பாய்க்கு 5,500 மணி வேண்டும். குண்டு ரகத்துக்கு அது 130 கிராம், கோ 51-க்கு 90 கிராம் போதும். 150 கிராம் அள்ளிப் போட்டால் நாற்று நெருக்கத்தில் மெலிந்து நீண்டு, குத்துக்கு ஏழெட்டு விழும். இது காய்ந்த விதையின் எடை. முளைகட்டிய பிறகு ஈரத்தில் எடை கூடிவிடும், அதனால் அளவு டப்பாவை முளைவிதையில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்குப் பத்து கிலோ நல்ல விதை தாராளம்.

உப்புத் தண்ணீரில் பதர் நீக்குவதை விட்டுவிடாதீர்கள். முட்டை மிதந்து அதன் மேல்பக்கம் நாலணா அகலத்துக்குத் தெரியும்வரை உப்பைக் கரைத்து, மிதக்கிற நெல்லை வாரி எறிந்துவிட்டு, அடியில் நிற்பதை இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். கை நடவில் முளைக்காத விதை நாற்றங்காலோடு போய்விடும். இயந்திரத்துக்குப் பாயில் எந்த இடம் காலியோ அந்த இடம் வயலிலும் காலி. பிறகு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோய் தடுக்கும் பாக்டீரியாத் தூள்) சேர்த்து ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் இருட்டில் முளைகட்டுங்கள். முளை 2–3 மி.மீ. வந்தால் போதும், அதற்கு மேல் விட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சீராக விழாது.

தட்டு அவசியமில்லை. 300 காஜ் பாலிதீன் விரிப்பில் தாராளமாகப் போடலாம். 1.2 மீட்டர் அகலத்தில் மேட்டுப்பாத்தி எடுத்து, மட்டம் பார்த்து விரியுங்கள். நாலு பாய் பக்கம் பக்கமாக அமரும். 14 மீட்டர் நீளம் ஒரு ஏக்கருக்குப் போதும். விரிப்பில் நெருக்கமாகச் சிறு ஊசித்துளைகள் போட்டுவிட்டால் மழைநீர் தேங்காது. மண் கலவை ஏழு பங்கு சலித்த மண், இரண்டு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு கருக்கிய உமி. கூழாங்கல் ஒன்று தங்கினாலும் நடவு விரல் வளையும், அதனால் சலிப்பதில் சோம்பல் கூடாது. ஏக்கருக்கு 360 லிட்டர் கலவை தேவைப்படும். அதற்கு 150 கிராம் தூளாக்கிய டி.ஏ.பி. உரம் மட்டும். யூரியாவைக் கலவையில் சேர்க்கவே வேண்டாம், முளை கருகும்.

பாய் அளவுக்கு மண்ணைப் பரப்ப வைக்கும் மரச்சட்டத்தின் உள்ளளவு வண்டியின் நாற்றுத்தட்டு அகலத்துக்குச் சரியாக இருக்கட்டும். எட்டு வரிசை, 23.8 செ.மீ. இடைவெளி வண்டிகளுக்குப் பாய் இன்னும் குறுகல். யாரோ ஒருவரின் சட்டத்தை இரவல் வாங்கினால் இங்கேதான் மாட்டுவோம். மண் 2 செ.மீ. கனம் பரப்பி, பலகையால் சீவி, நனைத்து, விதையைத் தூவி, அரை செ.மீ. மெல்லிய மண்ணால் மூடி, பூவாளியால் தெளியுங்கள். இரண்டு நாள் வைக்கோல் மூடாக்கு. முளை தலைகாட்டியதும் எடுத்துவிடுங்கள், ஒரு நாள் தாமதித்தாலும் வெளுத்து நீண்டுவிடும். ஐந்தாம் நாளிலிருந்து பாய் நனையும் அளவுக்கு வாய்க்கால் தண்ணீர் விடலாம். எட்டு ஒன்பது நாளில் வளர்ச்சி மந்தமாகத் தெரிந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் யூரியா, 50 கிராம் துத்தநாக சல்பேட் கரைத்துத் தெளியுங்கள். பச்சை நன்றாக இருந்தால் இதுவும் வேண்டாம்.

குறுவை வெயிலில் 14–16 நாளில் 12–15 செ.மீ. உயரம் வந்துவிடும். பாயின் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்குங்கள். கிழியாமல் துணி மாதிரி தொங்கி, அடியில் வேர் வெள்ளையாகப் பின்னியிருந்தால் அதுதான் பதம்.

தொளிவண்டி:
நாற்றைப் பற்றி மேலே நண்பர் எழுதியது அப்படியே சரி. வயல் பக்கத்தை நான் சொல்கிறேன். பழியெல்லாம் வண்டி மேல்தான் விழுகிறது, ஆனால் பாதிக்கு மேல் கோளாறு சேற்றில்தான் இருக்கிறது.

கேஜ்வீல் (டிராக்டரின் இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டு ஆழமாகக் கலக்குவது கை நடவுக்குப் பழகிய பழக்கம். இயந்திரத்துக்கு 10–15 செ.மீ. ஆழச் சேறு போதும். அதற்குக் கீழே கெட்டித்தரை இருந்தால்தான் சக்கரம் பிடித்து ஓடும். தாள், களை மேலே மிதக்கக் கூடாது. மக்காத தாளை, வண்டியின் அடியில் சேற்றில் வழுக்கி வரும் மிதவைப் பலகை வாரிக்கொண்டு போய் நட்ட வரிசையையே இழுத்துவிடும். பரம்பை இரண்டு பக்கமாக ஓட்டி மட்டப்படுத்துங்கள். மேடு பள்ளம் 5 செ.மீ.க்கு மேல் போனால் மேட்டில் நாற்று சாயும், பள்ளத்தில் முழுகும்.

கனத்த களிமண்ணுக்குக் கடைசிப் பரம்புக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் படிய விடுங்கள். மணல்சாரி மண்ணுக்கு ஒரு நாளே அதிகம். நாளை நம்பாமல் கையை வைத்துப் பாருங்கள். தண்ணீரை வடித்துவிட்டுச் சேற்றில் விரலால் கோடு இழுங்கள்: உடனே மூடிக்கொண்டால் இன்னும் இளகல், மெல்ல மெல்ல மூடினால் வண்டியை இறக்கலாம், மூடவே இல்லை என்றால் இறுகிவிட்டது, ஒரு தண்ணீர் காட்டி பரம்பு தொட வேண்டும். ஒரே இடத்தில் பார்க்காமல் மடைவாய், நடு, மூலை என்று மூன்று இடத்தில் பாருங்கள். நடும்போது தண்ணீர் ஒன்று இரண்டு செ.மீ.தான்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. விடுபட்ட இடங்களை வரிசை வரிசையாகப் பாருங்கள், காரணம் தானாகத் தெரியும். எல்லா வரிசையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக விடுபட்டிருந்தால் பாயில் விதை சீராக விழவில்லை. ஒரே வரிசையில் தொடர்ச்சியாக விடுபட்டால் அந்த வரிசையின் நடவு விரல் தேய்ந்திருக்கும், வளைந்திருக்கும், இல்லையென்றால் பாய் காய்ந்து தட்டில் ஒட்டி இறங்காமல் நிற்கும். தட்டை நனைத்துப் பாயை வையுங்கள், பழைய பாயோடு புதிய பாய் இடைவெளியில்லாமல் முட்டட்டும். முந்தின நாளே பாய்க்குத் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். சொட்டச் சொட்ட ஏற்றினால் அது தட்டில் சரிந்து மடங்கிவிடும்.

நாற்று மிதக்கிறதென்றால் தண்ணீர் அதிகம், அல்லது சேறு இளகல், அல்லது நாற்றைத் தள்ளிவிடும் கம்பி மண் அடைத்து இயங்கவில்லை. கம்பி கோளாறென்றால் ஒரே வரிசையில் விரல் நாற்றை நட்ட கையோடு திரும்ப எடுத்துக்கொண்டு மேலே வரும், பின்னால் நின்று பார்த்தால் தெரியும். பக்கத்து வரிசை சேற்றில் புதைந்தால் அது இளகல் சேற்றை மிதவை அலை மாதிரி தள்ளுவதால். குத்தைச் சுற்றிக் குழி மூடாமல் நின்றால் சேறு இறுகல்.

முதல் பத்து மீட்டர் ஓட்டியதும் நிறுத்தச் சொல்லி அளந்து பாருங்கள். 16 செ.மீ. வைத்திருந்தால் மூன்று மீட்டரில் 19 குத்து வர வேண்டும். 22 வந்தால் சக்கரம் வழுக்குகிறது, குத்து நெருங்கிப் பாய் தீர்ந்துபோகும். குத்து இடைவெளியை ஒரு படி கூட்டி வைக்கச் சொல்லுங்கள். நடவு ஆழம் 2–3 செ.மீ.

கடைமடைக்காரன்:
ஒன்று விடுபட்டிருக்கிறது. வண்டி உங்கள் வயலுக்கு எந்த வழியாக இறங்கும்? பாதையோர வயல் நட்டுவிட்டால் உள்வயலுக்கு வண்டி போக முடியாது. ஒரே மடையில் பாயும் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசி, உள்ளிருந்து வெளியே வரிசை வைத்து, அதே வரிசையில் ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் விதை விட வேண்டும். கை நடவில் இந்த ஏற்பாடு தேவைப்படவில்லை, இப்போது இது இல்லாமல் நடக்காது.

நட்ட பிறகு பத்து நாள் மேலோட்டமான தண்ணீர்தான். நாற்று சின்னது, களை முந்திவிடும். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் ஏக்கருக்கு பென்சல்பியூரான் மீத்தைல், பிரிட்டிலாகுளோர் கலந்த குருணை நாலு கிலோவை மணலோடு கலந்து தூவி, மெல்லிய தண்ணீரை இரண்டு மூன்று நாள் வடிக்காமல் வையுங்கள். நாற்று மூழ்கும் பள்ளத்தில் இது கருகலைத் தரும், மட்டம் பார்ப்பது அதற்கும்தான். 30 செ.மீ. வரிசை இருப்பதால் பிறகு களையெடுக்கும் கருவியை உருட்டலாம்.

மேலவயல்:
எல்லோருக்கும் நன்றி. விரல் கோடு முறை இவ்வளவு எளிது என்று தெரியாது. இன்னும் இரண்டு. வண்டி சொன்ன நாளில் வராவிட்டால் நாற்றை எத்தனை நாள் தாங்க வைக்கலாம்? எங்கள் தெருவில் வழக்கமாக நட வரும் பெண்களுக்கு இதனால் வேலை போகிறது, அது மனதை உறுத்துகிறது. அவர்களுக்கு இதில் என்ன வேலை இருக்கும்?

பாய்நாற்று:
18 நாள் வரை கவலையில்லை. தாமதம் என்று தெரிந்ததும் உரத் தெளிப்பை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்து, இலை சுருளும் முன் மட்டும் நனையுங்கள். உயரம் 20 செ.மீ. தாண்டினால் நுனியை 15 செ.மீ.க்குக் கத்தரிக்கலாம். 20 நாளுக்கு மேல் வேர்ப்பாய் கெட்டிப்பட்டு, கிள்ளும்போது வேரும் தண்டும் அறுபடும். அதற்கு மேல் காத்திருக்காமல் பாயைப் பிய்த்துக் கையால் நட்டுவிடுவதே மேல். வண்டி வயலோரம் வரும்வரை பாயைச் சுருட்ட வேண்டாம். சுருட்டிய பாய் ஒரு இரவு கிடந்தால் உள்ளே சூடேறி மஞ்சளாகும். மூணு ஏக்கருக்கும் ஒரே நாளில் விதை விடாமல் இரண்டு நாள் தள்ளித் தள்ளி விடுங்கள்.

இரண்டாவது கேள்வியை நீங்கள் கேட்டதே பெரிய விஷயம். மண் சலிப்பது, பாய் போடுவது, தூக்கி வண்டிக்குக் கொடுப்பது, வரப்போரமும் வண்டி திரும்பும் மூலையும் நடுவது, ஒரு வாரத்துக்குள் பாடுவாசி நிரப்புவது எல்லாமே கைவேலை. கூலி நாள் மொத்தத்தில் குறையும், அதை மறைக்க முடியாது. ஆனால் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து பாய் நாற்றை வளர்த்து ஏக்கர் கணக்கில் விற்றால் கையில் நிற்பது கூலியைவிடக் கூடும். அதற்கு மேட்டு இடம், தண்ணீர், முன்பணம் மூன்றும் வேண்டும். முன்பணத்தைப் பாய் வாங்கும் விவசாயி விதை விடும் அன்றே பாதியாகக் கொடுத்தால் அவர்கள் கடன் வாங்க வேண்டியதில்லை. உங்கள் மூணு ஏக்கர் 270 பாயை அவர்களிடமே ஒப்படைத்துப் பாருங்கள். விதை உங்களுடையது, பாய்க்கான விதை எடையும் மரச்சட்டத்தின் அளவும் எழுத்தில் இருக்கட்டும்.

தொளிவண்டி:
கூடுதலாக ஒன்று. 2024 குறுவைத் தொகுப்பில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் இருந்தது. இந்த ஆண்டு என்ன என்பதை நடவுக்கு முன்பே உதவி வேளாண்மை அலுவலரிடமும் உழவன் செயலியிலும் பார்த்துக்கொள்ளுங்கள். சிட்டா, அடங்கல் நகலைத் தயாராக வையுங்கள். ஓரமாக ஏக்கருக்கு மூன்று நாலு பாயை வரப்படியில் ஈரத்தில் போட்டுவைத்தால் பாடுவாசி நிரப்ப அதே வயது நாற்று கைவசம் இருக்கும்.