சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, டெய்லி க்ளீன் பண்ணியும் அப்படியேதான் இருக்கு, ஹெல்ப் ப்ளீஸ்

கேள்வி:
டெஸ்க்டாப், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் பண்ணா டெஸ்க்டாப் வரவே பத்து நிமிஷம் ஆகுது, ஒரு ஃபோல்டர் திறந்தா கூட சுத்திட்டே இருக்கு. நான் ஒழுங்காதான் வச்சிருக்கேன், தினமும் ஷட்டவுன் பண்றேன், க்ளீனர் ஒண்ணு போட்டு ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் செட்டிங்ஸ் எல்லாம் இருக்கிற பதிவு) எல்லாம் சுத்தம் பண்றேன், வாராவாரம் டிஃப்ராக் (சிதறின ஃபைல்களை ஒண்ணு சேக்கிறது) வேற. ராம் கூட்டினா சரியாகுமா?

பதில்:
முதல்ல அந்த க்ளீனரைத் தூக்குங்க, ரெஜிஸ்ட்ரியை சுத்தம் பண்ணி எந்த சிஸ்டமும் வேகமானதில்ல. அப்புறம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணாலும் கர்னல், அதாவது விண்டோஸோட மையப் பகுதி, அப்படியே டிஸ்க்ல சேவ் ஆகி காலைல திரும்ப வந்துடும், அதனால அப்பப்போ ரீஸ்டார்ட் குடுங்க. டாஸ்க் மேனேஜர்ல எது ஃபுல்லா ஓடுதுன்னு பாத்து சொல்லுங்க. பாக்காம ராம் வாங்காதீங்க.

கேட்டவர்:
ரீஸ்டார்ட் பண்ணேன், மாற்றமில்ல. மெமரி பாதிதான் ஓடுது, ஆனா டிஸ்க் 100% காட்டுது, ஸ்பீடு பாத்தா 1 எம்பி கூட இல்ல. அப்பப்போ டக் டக்னு சத்தம் வருது, ஃபேன்னு நினைச்சேன்.

இன்னொரு பதில்:
அது ஃபேன் இல்லங்க, டிஸ்க் போகப் போகுது. டிஃப்ராக், செக்டிஸ்க் (டிஸ்க்ல பிழை பாக்கிற டூல்) எதுவும் ஓட்டாதீங்க, ரெண்டுமே டிஸ்குக்கு நிறைய வேலை குடுக்கும், சாகக் கிடக்கிறத ஓட விட்ட மாதிரி ஆகிடும். முக்கியமான ஃபைல மட்டும் முதல்ல வெளி டிரைவுக்கு காப்பி பண்ணுங்க, படமெல்லாம் அப்புறம். அது முடிஞ்சதும் டிஸ்க் நிலைமையைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர்ல 05 (கெட்டுப்போய் மாத்தின செக்டர்), சி5 ரெண்டு வரியும் பாருங்க, ரா வேல்யூ பூஜ்யமா இருக்கணும்.

கேட்டவர்:
டாக்குமெண்ட் எல்லாம் வந்துடுச்சு, சில போட்டோல மட்டும் எரர் அடிச்சு நிக்குது. சி5 மஞ்சள்ல இருக்கு 😟

இன்னொரு பதில்:
சி5ன்னா படிக்க முடியாம நிக்கிற செக்டர், அதாவது டிஸ்க்ல டேட்டா இருக்கிற சின்னச் சின்னப் பகுதி. எரர் வர்றத ஸ்கிப் பண்ணிட்டு மீதிய எடுங்க, கடைசியா இதுக்குத் திரும்ப வரலாம். அந்த போட்டோ ரொம்ப முக்கியம்னா இப்பவே ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட குடுங்க. அப்புறம் எஸ்எஸ்டி போட்டு ஃப்ரெஷ்ஷா இன்ஸ்டால் பண்ணுங்க. அதுக்கு டிஃப்ராக் வேண்டாம், விண்டோஸே டிரிம் (அழிச்ச டேட்டா இருந்த இடத்தை எஸ்எஸ்டிக்கு சொல்றது) ஓட்டிக்கும். விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, மதர்போர்டுல டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்) இருக்கா, ப்ராசஸர் மைக்ரோசாஃப்டோட விண்டோஸ் 11 லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துட்டு 11 போடுங்க.

முதல் பதில் போட்டவர்:
பேக்கப் எடுத்த டிரைவ எப்பவும் சொருகியே வைக்காதீங்க, ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிட்டு பணம் கேக்கிற வைரஸ்) வந்தா அதையும் சேத்து பூட்டிடும்.